காக்கப்பட்ட பல்

பல் காப்பு நிலையத்தில் பல் பிடுங்க மாட்டார்கள். தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அங்கே ஒரு பல்கூடப் பிடுங்கப்பட்டதில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்பதை அப்புறம்தான் சொல்வார்கள்.

பிடுங்குவது என்ற சொல்லே அந்தக் கட்டடத்துக்குள் புழங்குவதில்லை. தோட்டக்காரர்கூடக் களையைப் பிடுங்குவதில்லை. அதற்கு இடமாற்றம் கொடுக்கிறார். தெரியாத்தனமாக யாராவது நோயாளி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் நர்ஸ் காதைப் பொத்திக்கொள்வார். ஏதோ குடும்ப விஷயத்தைக் கிளறிவிட்டோம் போலிருக்கிறது என்று நோயாளியும் வாயை மூடிக்கொள்வார்.

கூடத்தின் நடுவே ஆளுயரத்துக்கு ஒரு பளிங்குப் பல். மேல்தாடைக் கடைவாய்ப் பல். மூன்று வேர்களையும் ஊன்றிக்கொண்டு முக்காலி மாதிரி நிற்கும். அதற்குப் பின்னால் சுவரில் நிறுவனரின் படம். இந்தப் பல்லுக்கு மூன்று வேர், வேருக்கு ஒரு நரம்புக் குழாய், ஆக மொத்தம் மூன்றே குழாய் என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். மூன்றையும் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் சாகிற வரைக்கும் நிற்கும் என்றும் சொன்னார். பல் சாகிற வரைக்குமா, ஆள் சாகிற வரைக்குமா என்பதை விளக்குவதற்குள் காலமாகிவிட்டார்.

இந்த நிலையத்துக்குத்தான் நாக்கு சார் ஒரு நாள் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நாக்கு சார் என்பது அவருக்குக் கம்பெனியில் வைத்த பெயர். தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பது அவர் வேலை. நீளமான மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, ஊரே கேட்கிற மாதிரி சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தையை வைத்துத்தான் தேயிலை கப்பலுக்குப் போவதா, மலிவுக் கடைக்குப் போவதா என்று முடிவாகும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மட்டமான கோப்பையை அவர் நல்லது என்று சொன்னதே இல்லை. முதலாளியின் சொந்தத் தோட்டத்து இலையைக் குடித்துவிட்டு, முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே "துடைப்பம்" என்று சொன்னவர். முதலாளி அன்றைக்கு அவருக்குச் சம்பளம் கூட்டினார்.

அப்படிப்பட்ட வாயில்தான், அதே மேல்தாடைக் கடைவாய்ப் பல்லில் வலி.

முதல் சிகிச்சை நன்றாக நடந்தது. டாக்டர்கள் எல்லோரும் பளிங்குப் பல்லைத் தொட்டு, "மூன்றே குழாய்!" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள். வாயில் ரப்பர் விரிப்பை மாட்டினார்கள். தலைமுடி போன்ற ஊசிகளை விட்டுக் குழாய்களைச் சுரண்டினார்கள், கழுவினார்கள், அடைத்தார்கள், பல்லின் மேலே உலோகத் தொப்பி போட்டார்கள். தொப்பியில் நிலையத்தின் சின்னம் பொடி எழுத்தில் பொறித்திருந்தது. கடைசியில் மணி அடித்தது. அத்தனை பேரும் கை தட்டினார்கள். 'நான் காக்கப்பட்டேன்' என்ற வட்ட பேட்ஜை அவர் சட்டையில் குத்தினார்கள். நன்றி சொல்ல வாயைத் திறந்தவர், வாய் மரத்திருந்ததால் பேட்ஜின் மேலேயே எச்சில் ஒழுகவிட்டார். அதையும் போட்டோ எடுத்தார்கள்.

பேட்ஜ் கறுக்கும் முன்னாலேயே வலி திரும்பிவிட்டது.

நிலையத்தின் வரவேற்பு மேஜைப் பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள்.

"என்ன விஷயமா வந்திருக்கீங்க சார்?"

"பல் வலிம்மா."

"ஏற்கனவே காக்கப்பட்ட பல்லா?"

"ஆமா. இங்கதான்."

"அப்ப வலி இருக்க முடியாதே சார்."

"இருக்கேம்மா! ராத்திரி தூக்கமே இல்ல."

"காக்கப்பட்ட பல்லுல வர்றதுக்கு வலின்னு சொல்ல மாட்டோம். தேறுதல் உணர்வுன்னு சொல்வோம். எவ்வளவு தேறியிருக்கீங்கன்னு இதுல காட்டுங்க."

ஒரு அட்டையை நீட்டினாள். வலியின் அளவைக் காட்ட அதில் வரிசையாக முகங்கள் வரைந்திருந்தன. முதல் முகம் வாய் கொள்ளாமல் சிரித்தது. அடுத்தது பல் தெரியச் சிரித்தது. கடைசி முகம் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. நாக்கு சார் கடைசி முகத்தைக் காட்டினார்.

"அடேயப்பா, இவ்வளவு சீக்கிரமா!" என்று அந்தப் பெண் மனதாரப் பாராட்டினாள்.

இயக்குநரே நேரில் வந்து தோளில் கை வைத்தார். வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்ட மாதிரியே முகத்துக்கும் போட்டிருப்பார்.

"சார், தோல்விங்கிற வார்த்தையை நாங்க வச்சுக்கறதே இல்ல. முதல் சிகிச்சை வெற்றி. அந்த வெற்றியைத்தான் இப்ப இன்னொரு தடவை அடையப் போறோம்."

"வெற்றின்னா ஏன் சார் திரும்பப் பண்ணணும்?"

"நல்ல பாட்டை ஒரு தடவை கேட்டதோட விட்டுடுவீங்களா?"

நாக்கு சார் சிகிச்சை நாற்காலியில் ஏறினார். படுத்தார். தொப்பியை உடைத்தார்கள். முன்பு அடைத்த ரப்பர் குச்சிகளை மூக்கைத் துளைக்கும் ஒரு திரவத்தில் கரைத்துச் சுரண்டி எடுத்தார்கள். மறுபடி ஊசி, மறுபடி கழுவல், மறுபடி அடைப்பு, புதிய தொப்பி, மணி, கைதட்டல், பேட்ஜ். வீட்டுக்கு வரும்போது வாய் முழுக்கக் கிராம்புத் தைல வாடை. நாக்கில் அது பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் துணி திருத்தித் தைப்பவர். தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்காமலேயே கேட்டார்.

"என்ன, இதுவும் ஒரு பேட்ஜா? சட்டையில இடம் இருக்கா, இல்ல பனியன்ல குத்தணுமா?"

"திரும்பவும் பண்ணியிருக்காங்க. இந்தத் தடவை சரியாயிடுமாம்."

"இத்தனை டாக்டருங்க சேர்ந்து அங்க என்னதான் பிடுங்குறாங்க?"

"அதை மட்டும்தான் பண்ண மாட்டேங்கறாங்க."

*

கம்பெனியில் விஷயம் முற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தின் முதல் இலை வந்திருந்தது. கோப்பையில் பார்த்தாலே ஆசை வரும் நிறம். நாக்கு சார் உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரி" என்றார்.

அடுத்த கோப்பை. "ஆஸ்பத்திரி." அதற்கடுத்தது. அதுவும் ஆஸ்பத்திரிதான். கடைசியாக, வாய் கொப்பளிக்க வைத்திருந்த வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இது பரவாயில்லை, ஆனா இதுலயும் கொஞ்சம் ஆஸ்பத்திரி இருக்கு" என்றார்.

மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்கிற ரகம்.

"உட்காருங்க நாக்கு சார். பல்லுதான் காரணமா?"

"பல்லுதாங்க. அதுல இருந்து சீழ் கசியுது. அது போனா நாக்கு பழையபடி வந்துரும்."

"பல்லுன்னா பிரச்சினை இல்ல. நான் முதலாளிகிட்ட பேசிக்கறேன். இலை வாங்கற வெளிநாட்டுக்காரங்க பருவக் கடைசியில வர்றாங்க, அதுவரைக்கும் காத்திருக்கேன். பல்லு ரிப்பேர் ஆகும். ஆனா நாக்குதான் போயிடுச்சுன்னா..." மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நாக்கு இல்லாத நாக்கு சாரை நான் எந்த நாற்காலியில உட்கார வைக்கறது சொல்லுங்க?"

அன்று சாயங்காலம் நாக்கு சார், பல்லைப் பிடுங்கிவிடுவது என்று தீர்மானித்து, கடைத்தெருவில் இருந்த தனியார் பல் மருத்துவரிடம் போனார். வாயைத் திறந்தார். மருத்துவர் விளக்கை இழுத்து, கண்ணாடியை உள்ளே விட்டார். தொப்பியில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் கண்ணாடியை மெல்ல வெளியே எடுத்தார். கையுறையைக் கழற்றினார். எழுந்து நின்றார்.

"அவங்க தொட்ட பல்லா?"

"ஆமாங்க. பிடுங்கிடுங்க. எவ்வளவு வலிச்சாலும் பரவாயில்ல."

"சார், நான் அங்கதான் படிச்சேன். இந்தத் தெருவுல இருக்கிற எல்லாருமே அங்கதான் படிச்சோம். அவங்க காப்பாத்தின பல்லை நான் எடுத்தா, நாளைக்கு என் சர்டிபிகேட்டை அவங்க எடுத்துடுவாங்க."

"ஒரு மாத்திரையாவது குடுங்களேன்."

"மாத்திரை குடுத்தா வலி இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார்."

மருத்துவர் அவரைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுவந்து விட்டார். கதவைச் சாத்தும்போது, "ஆனா தொப்பி ரொம்ப அழகா உட்கார்ந்திருக்கு" என்றார்.

*

அடுத்த சுற்றுக்கு நிலையத்தில் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். வயதில் சிறியவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அங்கே பழக்கமில்லாத ஒரு காரியம் செய்தார்: எங்கே வலிக்கிறது என்று கேட்டார். நாக்கு சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தொப்பியை எடுத்துவிட்டு, மூலையில் உறை போட்டு வைத்திருந்த நுண்ணோக்கியை இழுத்து வந்து பல்லுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், உங்க பல்லுல நாலாவது குழாய் ஒண்ணு இருக்கு. ஒரே வேருக்குள்ள ரெண்டு ஓடுது. ஒண்ணைச் சுத்தம் பண்ணியிருக்காங்க, பக்கத்துல இருக்கிறதைத் தொடவே இல்ல. அதுக்குள்ளதான் சீழ். இதைச் சுத்தம் பண்ணிட்டா பல்லும் நிக்கும், வலியும் போயிடும்."

வாயில் ரப்பர் விரிப்போடு நாக்கு சார் தலையை வேகமாக ஆட்டினார். ஆட்டியதில் ஒரு ஊசி கீழே விழுந்தது. அதை எடுக்க வந்த நர்ஸ் 'நாலாவது' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, ஊசியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

சற்று நேரத்தில், நிறுவனர் சொன்னபடி சிகிச்சை நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிக்குழு இயக்குநரோடு வந்தது. நாக்கு சாரின் திறந்த வாயைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். வாயைத் திறந்து வைக்கும் கட்டையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. விசாரணை முழுவதும் அவர் வாய்க்கு மேலேயே நடந்தது.

"டாக்டர், நீங்க எத்தனை குழாய் பார்த்தீங்க?" என்றார் இயக்குநர்.

"நாலு சார்."

"நிறுவனர் எத்தனை பார்த்தார்?"

"மூணு சார். அவர் காலத்துல இந்த நுண்ணோக்கி இல்ல."

"அவருக்கு அது தேவைப்படல."

"சார், இதோ பாருங்க. ஊசி உள்ள போகுது. இல்லாத குழாய்க்குள்ள ஊசி எப்படி சார் போகும்?"

இயக்குநர் ஊசியைப் பார்த்தார். அது நிஜமாகவே உள்ளே போயிருந்தது.

"ஊசிக்கு என்ன படிப்பு இருக்கு?" என்றார்.

நெறிக்குழு தலையசைத்தது. இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசத் தொடங்கினார். குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"டாக்டர், இது ஒரு குழாயோட போற விஷயம் இல்ல. இந்த நாலாவது இருக்குன்னு ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் நாம காப்பாத்தின அத்தனை பல்லையும் திரும்பத் திறந்து பார்க்கணும். கூடத்துல இருக்கிற பளிங்குப் பல்லை என்ன செய்யறது? அதுல போய் ஓட்டை போடச் சொல்றீங்களா? ஜனங்க இங்க பல்லைக் காட்ட வரல, நம்பி வர்றாங்க. நம்பிக்கை பெருசா, மயிரிழை அளவு ஒரு ஓட்டை பெருசா? உண்மையைச் சொல்லவா? நானும் அதைப் பார்த்திருக்கேன். என் ஆசிரியரும் பார்த்தார். சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு அதைப் பத்தித்தான் பேசினார். நாங்கெல்லாம் பார்த்துட்டு சும்மா இல்லையா? அதுக்குப் பேருதான் ஒழுக்கம். நீங்க படிச்சிருக்கீங்க, ஒழுக்கம் பத்தல. திரும்பப் பாருங்க."

பெண் டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தார்.

"நிழல் மாதிரி இருக்கு சார்."

"மாதிரி?"

"நிழல்தான் சார்."

"நிழலை அடைச்சு மூடுங்க" என்றார் இயக்குநர். மூன்று குழாய்க்கு மேல் கிடையாது என்பதை நன்கு அறிந்தவர்கள் மட்டுமே இனி நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்று அங்கேயே விதி போட்டார்கள். பெண் டாக்டர் ஊசியை உருவினார். அடைத்துத் தொப்பி போட்டார். மணி அடித்தது. கை தட்டினார்கள். மிகச் சத்தமாகத் தட்டியவர் அந்தப் பெண் டாக்டர்தான்.

மறுநாள் வாசலில் அவரை மடக்கி நாக்கு சார் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரம்மா, நாலுதானே?"

"எனக்கு மூணு வரைக்கும்தான் சார் எண்ணத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் நடந்தார்.

*

இதற்கப்புறம் அந்தப் பல்லை எத்தனை தடவை காத்தார்கள் என்று நாக்கு சாருக்கே குழப்பம். பேட்ஜ்களை மனைவி ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி, பொத்தான் இல்லாத சட்டைகளுக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டார். பருவக் கடைசி நெருங்கிவிட்டது. கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி உப்பியிருந்தது.

அப்போதுதான் இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார்.

"வாழ்த்துகள் சார்! எங்க வரலாற்றுலயே அதிக முறை காக்கப்பட்ட பல் உங்களோடதுதான். ஒரே பல்லை இத்தனை தடவை வேற யாரும் எங்கயும் காப்பாத்தினதில்ல. வர்ற நிறுவனர் நாள் விழாவுல நீங்க மேடையேறி ரெண்டு வார்த்தை பேசணும்."

நாக்கு சார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பேசறேன் சார். ஆனா எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணணும். பிடுங்கிடுங்க."

காதைப் பொத்திக்கொள்ள நர்ஸ் யாரும் அறையில் இல்லை. இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"பின்பக்கம் ஒரு அறை இருக்கு. வெளிய யாருக்கும் தெரியாது. முக்கியமானவங்களுக்கு மட்டும்." வாயைத் திறந்து விரலால் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினார். மேல்வரிசையில் கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று காலியாக இருந்தது. "என்னோடதே அங்கதான்."

"உங்களுக்குமா சார்?"

"உயிர் போற வலி. மூணு தடவை காப்பாத்திப் பார்த்தேன். அதுக்கு மேல தாங்கல. நீங்க மேடையில பேசுங்க. மறுநாள் காலையில பின்வாசல் வழியா வாங்க. முடிச்சுடலாம்."

நாக்கு சார் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி இயந்திரத்தை நிறுத்தினார்.

"வலிக்கலன்னு சொல்லப் போறீங்களா? நீங்களா? கல்யாணத்தன்னைக்கு எங்க அப்பா குடுத்த காப்பியைக் கழுநீர்னு சொன்ன ஆளு?"

"பொய் சொல்ல மாட்டேன். ஏதாவது வழி சொல்வாங்க."

வழி சொன்னார்கள். மேடைக்குப் போகும் முன் ஒரு மரப்பு ஊசி போட்டார்கள். பாதி முகம் மரத்துப் போனது. பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக வலி இல்லை. அந்த நிம்மதியில் நாக்கு சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அரங்கம் நிறைந்திருந்தது. டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள்.

"இழ்த நிமிஷம்," என்றார் ஒலிபெருக்கியில், "எனக்கு வழியே இழ்ல. சழ்தியமா இழ்ல."

வாய் கோணி, எச்சில் மோவாயில் வழிந்தது. கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தது. அவர் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும் சிரித்தார்கள். மனிதர் என்ன நகைச்சுவை உணர்ச்சி, என்ன உற்சாகம் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. மரப்பு அதற்கு முன்பே அடங்கிவிட்டது.

*

மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு பின்வாசலில் போய் நின்றார். இயக்குநர் முன்வாசல் வழியாக வந்து அவரைப் பின்வாசலில் சந்தித்தார்.

"வாங்க சார்! டிவியில பார்த்தீங்களா? பிரமாதம்!"

"அறை எங்க சார்?"

"எந்த அறை?"

"பல்லை எடுக்கறேன்னீங்களே."

இயக்குநரின் முகத்தில் நிஜமான அதிர்ச்சி தெரிந்தது.

"எந்தப் பல்லை? வலியே இல்லன்னு நேத்து ஊரே கேட்க நீங்கதானே சொன்னீங்க? வலியில்லாத பல்லை எடுத்தா அதுக்குப் பேர் என்ன தெரியுமா சார்? கொலை."

"அது ஊசி போட்டிருந்தப்ப சொன்னது! போட்டதே நீங்கதான்!"

"ஊசி போட்டது உங்க கன்னத்துக்கு. பேசினது உங்க வாய்."

"உங்க பல்லை மட்டும் எடுத்துக்கிட்டீங்க?"

"எனக்கு வலிச்சது சார்" என்றார் இயக்குநர், கொஞ்சம் மனம் புண்பட்டவராக. "நான் எந்த மேடையிலயும் வலிக்கலன்னு சொல்லலையே."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கு சார் நேராகக் கம்பெனிக்கு ஓடினார். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற நாள் அதுதான். ருசி அறையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. அவருடைய கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். மேலாளர் அவரைப் பார்த்ததும், "உட்காருங்க நாக்கு சார்" என்றார்.

நாக்கு சார் உட்காரவில்லை.

"நேத்து டிவியில உங்களைப் பார்த்தேன்" என்றார் மேலாளர். "சந்தோஷமா இருந்துச்சு. பல்லு முழுக்கச் சரியாயிடுச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"ஐயா, அது..."

"அப்படின்னா பல்லு காரணம் இல்லன்னு ஆகுது இல்லையா? அதுக்கப்புறம் எது பாக்கி இருக்கு? நாக்குதான்."

"ஐயா, நான் சொன்னது உண்மை இல்ல."

மேலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"நாக்கு சார், உங்க வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் கப்பல் கப்பலா அனுப்பினேன். ஒரு தடவைகூட சந்தேகப்பட்டதில்ல. நேத்து சொன்னதையும் சந்தேகப்படல. இன்னைக்கு வந்து அது உண்மை இல்லன்னா, இனிமே எதை நம்பறது?"

உள்ளே புதியவர் சத்தத்தோடு உறிஞ்சினார், துப்பினார். "நல்லாயிருக்கு" என்றார். அடுத்த கோப்பை. "இதுவும் நல்லாயிருக்கு." வெளிநாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

*

வேலை போன செய்தி பரவுவதற்குள் இயக்குநரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. நிலையத்துக்கு ஒரு வரவேற்பாளர் தேவையாம். கூடத்தில் பளிங்குப் பல் பக்கத்தில், டிவியில் வந்த அதே முகத்தோடு நின்றால் போதுமாம்.

"வலிக்கலன்னு சொல்றதுக்கு ஒரு உத்தியோகமா?" என்றார் மனைவி.

"சொல்லக்கூட வேண்டாமாம். நின்னா போதுமாம்."

"போகப் போறீங்களா?"

"அந்தப் பின்னறை முக்கியமானவங்களுக்குத்தான்னு சொன்னார். உள்ள போனாத்தானே முக்கியமானவனாக முடியும்?"

நிலையத்தில் அவருக்குக் கொடுத்த வெள்ளைக் கோட்டு தோளில் பெரிதாக இருந்ததால் மனைவி அதைப் பிரித்து அளவு குறைத்துத் தைத்துக் கொடுத்தார். நூலை அறுக்கும்போது மட்டும் தேவைக்கு மேல் பலமாக இழுத்தார்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர் சீருடையோடு வந்தார். முரட்டு ஆள். ஆனால் வாசலைத் தாண்டவே பயந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றார். நாக்கு சார் போய் உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார்.

"எந்தப் பல்லுங்க?"

"மேல, கடைசிப் பக்கம். அண்ணே, நீங்க டிவியில வந்தவர்தானே? உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

நாக்கு சார் சுற்றும் முற்றும் பார்த்தார். வரவேற்புப் பெண் முகங்கள் வரைந்த அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஓட்டுநரின் காதுப் பக்கம் குனிந்தார். மட்டமான கோப்பையை மட்டம் என்றே சொல்லி வந்த அந்தப் பழைய குரல் அவரிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"தம்பி, எழுந்து ஓடிடுங்க. இவங்க சரி பண்ண மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க. எனக்கு இப்ப, இந்த நிமிஷம், உயிர் போகுது. ராத்திரி சுவத்துல முட்டிக்கறேன். ஓடிடுங்க."

ஓட்டுநர் அவரையே பார்த்தார். வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். கலங்கிய கண்ணைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அய்யோ அண்ணே! டிவியில பார்த்தப்பவே எங்க வீட்டுல சொன்னாங்க, இந்த ஆளு சரியான தமாஷ் பேர்வழின்னு! முகத்தை எப்படி வச்சுக்கிட்டுச் சொல்றீங்க!"

"தமாஷ் இல்ல தம்பி. நிஜமா."

"நிறுத்துங்கண்ணே, சிரிச்சா வலிக்குது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயமெல்லாம் தெளிந்து, ஓட்டுநர் பளிங்குப் பல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தானாகவே சிகிச்சை அறைக்குள் போனார். கதவு மூடியது. உள்ளே ஒரே குரலில் "மூன்றே குழாய்!" என்றார்கள்.

மாலையில் இயக்குநர் நாக்கு சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் எதற்கும் தயாராகத்தான் போனார். துரத்திவிட்டாலும் நல்லதுதான் என்றுகூட நினைத்தார்.

இயக்குநர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"என்ன சொன்னீங்க அந்த டிரைவர்கிட்ட? உள்ள வந்தும் சிரிப்பை அடக்க முடியல அவருக்கு. இந்த மாதிரி தைரியமா ஒரு நோயாளி வந்து படுத்ததே இல்ல."

"உண்மையைத்தான் சார் சொன்னேன். உயிர் போகுதுன்னு சொன்னேன். ஓடிடுங்கன்னு சொன்னேன்."

"அருமை!" என்றார் இயக்குநர். "நாளையில இருந்து எல்லார்கிட்டயும் அதையே சொல்லுங்க."

மறுநாளிலிருந்து நாக்கு சார் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.